அடுப்புக்கு வந்த ஆணை

(பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு)

மனிதன் நெருப்பை ஆளக் கற்றுக்கொண்ட நாள் முதல் அடுப்பு எத்தனையோ வடிவங்கள் எடுத்துவிட்டது. மூன்று கல் கூட்டிய அடுப்பு, மண் அடுப்பு, கொடியடுப்பு, கரி போடும் குமுட்டி, மரத்தூள் அடுப்பு, மண்ணெண்ணெய் ஸ்டவ், கேஸ் அடுப்பு, கரண்ட் அடுப்பு என்று நம் பாட்டிமார்களைக் கேட்டால் வரிசையாகச் சொல்வார்கள். எங்கள் செஞ்சிப் பக்கத்தில் மல்லாட்டைத் தோலைப் போட்டு எரித்ததையும், மலையடிவாரத்தில் சுள்ளி பொறுக்கி வந்ததையும் சேர்த்துச் சொல்வார்கள். இந்த மாற்றங்களை எல்லாம் வீட்டுப் பெண்கள் வசதிக்கும் விலைக்கும் தக்கபடி தாங்களே செய்துகொண்டார்கள். "இனி இந்த அடுப்பு கூடாது, அதைத்தான் வாங்க வேண்டும்" என்று எந்த நகரசபையும் வீட்டு வாசலில் வந்து நின்றதில்லை.

ஆனால் உலகின் சில ஊர்களில் இப்போது அப்படியும் நடக்கிறது. எரிவாயுவில் இயங்கும் வீட்டுச் சாதனங்களை விட்டு மின்சாரத்தில் இயங்குபவைக்கு மாறவேண்டும் என்று உள்ளூர் ஆட்சிகள் சட்டம் செய்திருக்கின்றன. விறகுப் புகையிலிருந்து இப்போதுதான் கேஸ் அடுப்புக்கு வந்து மூச்சு விட்டிருக்கும் நமக்கு இது வேடிக்கையாகத் தோன்றுகிறது. கேஸ் அடுப்பில் என்ன குற்றம் கண்டார்கள்? அதே ஆணை நம் ஊருக்கு வந்தால் நம் அம்மாக்களின் கதி என்ன? இவ்விரண்டையும் பற்றி நாங்கள் படித்தும் கேட்டும் கணக்குப் போட்டும் அறிந்ததை இங்கே எழுதுகிறோம்.

அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் பெர்க்லி என்று ஒரு பல்கலைக்கழக நகரம் இருக்கிறது. 2019ஆம் ஆண்டு ஜூலை மாதம் அந்நகர மன்றம், புதிதாகக் கட்டப்படும் கட்டடங்களுக்கு எரிவாயுக் குழாய் இணைப்பு கிடையாது என்று தீர்மானித்தது. அந்நாட்டில் இப்படிச் செய்த முதல் நகரம் அதுவே. அங்கே நம்மைப்போல் சிலிண்டர் இல்லை. தண்ணீர்க் குழாய் போலவே தெருவுக்கடியில் எரிவாயுக் குழாய் ஓடுகிறது. சமையல் மட்டுமல்ல, வெந்நீரும், குளிர்காலத்தில் வீட்டைச் சூடேற்றும் உலையும் அதே வாயுவில்தான் இயங்கும். குழாயை நிறுத்தினால் மூன்றும் மின்சாரத்துக்கு மாறியே தீரவேண்டும்.

உணவு விடுதிக்காரர்கள் சும்மா இருக்கவில்லை. கொழுந்துவிட்டு எரியும் தீயில் வாணலியைச் சுழற்றிச் சமைத்தால்தான் தங்கள் பண்டத்துக்கு ருசி என்று சொல்லி, கலிபோர்னியா உணவக சங்கத்தினர் நீதிமன்றம் சென்றார்கள். 2023 ஏப்ரலில் ஒன்பதாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. காரணம் சுவையானது. சாதனங்கள் எவ்வளவு எரிபொருள் உபயோகிக்கலாம் என்பதை 1975ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் ஒன்று தன் கையில் வைத்திருக்கிறது. சாதனத்தைத் தடை செய்ய நகரசபைக்கு அதிகாரமில்லை என்றால், அதற்கு வரும் குழாயை அடைத்து அதே காரியத்தைச் சாதிக்கவும் அதிகாரமில்லை என்றார்கள் நீதிபதிகள். 2024இல் பெர்க்லி தன் சட்டத்தைத் திரும்பப் பெற ஒப்புக்கொண்டது.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. பெர்க்லியும் சான் பிரான்சிஸ்கோவும் அடங்கிய வளைகுடாப் பகுதிக்குக் காற்றின் தூய்மையைக் காக்கும் வாரியம் ஒன்று உண்டு. அது 2023 மார்ச் மாதம் வேறு வழியில் ஒரு விதி செய்தது. எரிவாயு கூடாது என்று அது சொல்லவில்லை. நைட்ரஜன் ஆக்ஸைடு என்னும் நச்சுவாயுவை அறவே வெளியிடாத சாதனங்களை மட்டுமே இனிக் கடையில் விற்கலாம், வீட்டில் பொருத்தலாம் என்றது. வீட்டு வெந்நீர்க் கொதிகலன்களுக்கு 2027 என்றும், வீட்டைச் சூடேற்றும் உலைகளுக்கு 2029 என்றும், பெரிய கொதிகலன்களுக்கு 2031 என்றும் அப்போது தவணை குறித்தார்கள். இருக்கும் சாதனத்தைப் பிடுங்க யாரும் வரமாட்டார்கள். அது பழுதாகிப் புதிது வாங்கும்போதுதான் விதி பாயும். சமையல் அடுப்பு இவ்விதியில் சேரவே இல்லை! "அடுப்பைப் பிடுங்குகிறார்கள்" என்று பெரிய கூச்சல் எழுந்ததாகப் படித்தபோது நாங்கள் இதைக் கண்டு சிரித்துவிட்டோம்.

நைட்ரஜன் ஆக்ஸைடு எங்கிருந்து வருகிறது என்பதைச் சற்று விளக்க வேண்டும். நம் சிலிண்டரில் இருப்பது புரப்பேன், பியூட்டேன் என்னும் இரு வாயுக்கள். அழுத்தத்தால் திரவமாக்கி அடைத்திருக்கிறார்கள். அவை நன்றாக எரிந்தால் கரியமில வாயுவும் நீராவியும் மட்டுமே வரவேண்டும். அப்படியானால் நைட்ரஜன் எங்கே? அது காற்றில் இருக்கிறது. காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன்தானே! சாதாரண வெப்பத்தில் அது எதனோடும் சேராமல் சாதுவாக இருக்கும். தீச்சுடரின் கடும் வெப்பத்தில் மட்டும் பக்கத்திலுள்ள ஆக்ஸிஜனோடு கைகோத்துக்கொள்கிறது. ஆகவே சுடர் எவ்வளவு நீலமாக, சுத்தமாக எரிந்தாலும் இந்த நச்சுவாயு கொஞ்சம் வரத்தான் செய்யும். கதவு, ஜன்னல் சாத்திய சமையலறையில் இது மூச்சுக்குழாயை எரிச்சலூட்டும். ஆஸ்துமா உள்ள குழந்தைகளுக்கு ஆகாது. வெளியே போனால் வெயிலில் வேறு வாயுக்களோடு கலந்து நகரத்தின் மேல் மாசாகப் படர்கிறது. கேஸ் அடுப்பின் மேல் சுமத்தப்பட்ட முதல் குற்றம் இது. எரிவாயு பூமிக்கடியிலிருந்து எடுக்கப்படும் பொருள், அதை எரிப்பதால் உலகம் சூடேறுகிறது என்பது இரண்டாவது.

ஆஸ்திரேலியாவில், நம் தமிழ் மக்கள், சிறப்பாக ஈழத்தமிழர்கள் பலர் வாழும் மெல்போர்ன் நகரமும் இவ்வழியில் செல்கிறது. அந்நகரம் உள்ள விக்டோரியா மாநிலத்தில், 2024 ஜனவரி 1 முதல் திட்ட அனுமதி பெற்றுக் கட்டப்படும் புது வீடுகளுக்கு எரிவாயு இணைப்பு இல்லை. அங்கே புதுமனை புகுவிழாவுக்குப் பால் பொங்கவேண்டுமானால் மின்சார அடுப்பில்தான் பொங்கவேண்டும்.

நம் நாட்டில் வீட்டு அடுப்பை மின்சாரத்துக்கு மாற்றச் சொல்லும் சட்டம் இல்லை. இதற்கு நெருங்கிய ஆணை என்றால் மும்பையைத்தான் சொல்லவேண்டும். அங்கே விறகிலும் கரியிலும் ரொட்டி சுடும் பேக்கரிகள் ஆறு மாதத்துக்குள் எரிவாயு அல்லது மின்சாரத்துக்கு மாறவேண்டும் என்று 2025 ஜனவரியில் பம்பாய் உயர்நீதிமன்றம் கூறியது. இங்கே எரிவாயு நல்ல பிள்ளை. கலிபோர்னியாவில் அதுவே கெட்ட பிள்ளை! பக்கத்தில் யாரை நிறுத்திப் பார்க்கிறோம் என்பதைப் பொறுத்தது அல்லவா? விறகுக்குப் பக்கத்தில் நிறுத்தினால் கேஸ் தெய்வம். வீட்டுக்குள் புகையும் அடுப்புகளால் 2020ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 32 லட்சம் பேர் அகால மரணமடைந்தார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. அதனால்தான் நம் அரசுகள் இவ்வளவு காலமும் விறகை விட்டுக் கேஸுக்கு வாருங்கள் என்று அழைத்தன. 2006இல் பதவிக்கு வந்த தமிழக அரசு ஏழைக் குடும்பங்களுக்கு இலவசமாக அடுப்பும் இணைப்பும் தந்தது. 2016 மே 1ஆம் தேதி மத்திய அரசின் உஜ்வாலா திட்டம் தொடங்கியது. அதில் இணைப்பு வீட்டுப் பெண்ணின் பெயரிலேயே வரும். கரண்ட் அடுப்பைப் பற்றியும் பேச்சு உண்டு. 2023இல் மத்திய அரசின் எரிசக்தி சிக்கன நிறுவனம் 20 லட்சம் மின்காந்த அடுப்புகளை மலிவு விலையில் பரப்பத் திட்டமிட்டது. நம் நாடு சமையல் வாயுவில் பாதிக்கு மேல் வெளிநாடுகளிலிருந்து வாங்குகிறது. அந்தப் பணம் மிச்சமாகும் என்பது அவர்கள் சொல்லும் காரணங்களில் ஒன்று.

இனி அந்த அடுப்பு எப்படிச் சுடுகிறது என்று பார்ப்போம். பழைய கரண்ட் அடுப்பில் கம்பிச் சுருள் பழுக்கக் காய்ந்து பாத்திரத்தைச் சுடும். இண்டக்‌ஷன் அடுப்பில் அப்படி இல்லை. 1831இல் மைக்கேல் பாரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டலை ஒன்பதாம் வகுப்பில் படித்தோமே, அதே தத்துவம்தான். கண்ணாடித் தட்டுக்கு அடியில் ஒரு செம்புக் கம்பிச் சுருள் இருக்கிறது. அதில் மிக வேகமாகத் திசை மாறும் மின்சாரம் ஓடும்போது அதன் காந்தப்புலமும் மாறிக்கொண்டே இருக்கும். மேலே இரும்புப் பாத்திரத்தை வைத்தால் பாத்திரத்தின் அடியிலேயே சுழல் மின்னோட்டங்கள் பிறந்து, பாத்திரம் தானே சூடாகிறது. அடுப்பு சுடுவதில்லை, பாத்திரம்தான் சுடுகிறது. ஆகவே வெப்பம் வீணாவது குறைவு. கேஸ் அடுப்பில் சுமார் மூன்றில் இரு பங்கு வெப்பமே பாத்திரத்தில் ஏறும். மீதி பக்கவாட்டில் போய் சமைப்பவர் முகத்தில் அடிக்கும். சித்திரை மாதத்தில் செஞ்சிப் பாறைகள் நாள் முழுவதும் காய்ந்து இரவெல்லாம் அனல் விடும்போது சமையலறையில் நிற்பவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. காந்தம் ஒட்டாத பாத்திரத்தில் இந்த வித்தை பலிக்காது. அலுமினியக் குண்டான், செம்பு, பித்தளை, வெண்கலப் பானை, மண்சட்டி எதுவும் ஆகாது. இரும்பு தோசைக்கல் ஆகும். எவர்சில்வரில் சில ஆகும், சில ஆகாது. அடியில் காந்தத்தை வைத்துப் பார்த்துத்தான் சொல்லவேண்டும். அடி உருண்ட வாணலி தட்டில் சரியாக உட்காராது. அப்பளம் சுட முடியாது, கத்திரிக்காய் சுட்டுக் கொத்சு செய்ய முடியாது. தைப்பொங்கல் பானையோ கேட்கவே வேண்டாம். ஆக, அடுப்பை மாற்று என்றால் பாத்திரப் பரணையே மாற்று என்று பொருள். கல்யாணச் சீராக வந்த பாத்திரங்களைப் பழைய பாத்திரக்காரரிடம் போட எந்த அம்மாவுக்கு மனம் வரும்?

அடுத்து செலவு. நாங்கள் போட்ட கணக்கு இது, பெற்றோர்கள் சரிபார்த்துக்கொள்ளலாம். 14.2 கிலோ சிலிண்டர் ஒன்று எரிந்தால் சுமார் 180 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான வெப்பம் தரும். அதில் பாத்திரத்தில் ஏறுவது போக மீதியைக் கழித்து, கரண்ட் அடுப்பின் சிறு விரயத்தையும் சேர்த்தால், ஒரு சிலிண்டர் வேலையை ஏறக்குறைய 135 யூனிட் செய்துவிடும். நாலைந்து பேர் உள்ள வீட்டில் சிலிண்டர் 45 நாள் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். நம் ஊரில் மின்கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை. இரண்டு மாதத்துக்கு ஒன்றேகால் சிலிண்டருக்குச் சற்று மேல். மின்சாரத்தில் 180 யூனிட். சென்னையில் 2025 ஏப்ரலில் சிலிண்டர் விலை 868 ரூபாய் 50 காசு. அந்த விலையில் இரண்டு மாத கேஸ் செலவு 1,158 ரூபாய்.

மின்சாரத்துக்கு ஒரே விலை கிடையாது. தமிழ்நாட்டில் 2016 முதல் வீடுகளுக்கு முதல் 100 யூனிட் இலவசம். அதற்கு மேல் படிப்படியாக விலை ஏறும். 2024 ஜூலைக் கட்டணப்படி 200க்கும் 400க்கும் இடையில் யூனிட் ஐந்து ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. 500ஐத் தாண்டினால் எட்டு ரூபாய்க்கு மேல், 600ஐத் தாண்டினால் ஒன்பதுக்கு மேல். ஏற்கெனவே 200 யூனிட் செலவாகும் வீடு கரண்ட் அடுப்புக்கு மாறினால் 380 யூனிட் ஆகும். கூடுதல் செலவு ஏறக்குறைய 850 ரூபாய், லாபம்தான். 500 யூனிட் செலவாகும் வீடு மாறினால் 1,500 ரூபாய்க்கு மேல் கூடும், நஷ்டம். அதே 200 யூனிட் வீட்டுக்கு உஜ்வாலாவின் 300 ரூபாய் மானியம் கிடைக்கிறது என்றால், அவர்களுடைய கேஸ் செலவு 758 ரூபாய்தான். அவர்களுக்கும் கரண்ட் அடுப்பு நஷ்டமே. ஒரே தெருவில் மூன்று வீட்டுக்கு மூன்று விடை வருகிறது. எல்லோருக்கும் ஒரே ஆணை போட்டால் யாருக்கு நியாயம், யாருக்கு அநியாயம்?

வாடகைக்கு இருப்பவர்கள் பாடு இன்னும் கஷ்டம். பல இடங்களில் ஒரு மீட்டரில் இரண்டு மூன்று குடித்தனங்கள் இருக்கும். வீட்டுக்காரர் யூனிட்டுக்கு இவ்வளவு என்று தாமே ஒரு விலை வைத்து வாங்குவார். இலவச 100 யூனிட் குடியிருப்பவர் கைக்கு வந்து சேராது. எங்களில் சிலர் வீட்டிலும் இந்தக் கதைதான். அதோடு இண்டக்‌ஷன் அடுப்பு 2,000 வாட் வரை இழுக்கும். பழைய வீடுகளில் மெல்லிய ஒயர், சின்ன பிளக். அதில் மாட்டினால் பிளக் சூடாகி உருகிவிடும். தனியாகப் பருத்த ஒயரும் 15 ஆம்பியர் பிளக்கும் போடவேண்டும். சுவரைக் குடைய வீட்டுக்காரர் சம்மதிக்கவேண்டும். கேஸ் புத்தகம் அம்மா பேரில் இருக்கலாம். மின் இணைப்பு பெரும்பாலும் வேறு யார் பேரிலோ இருக்கிறது. சமைப்பவர் கையிலிருந்த அதிகாரம் மெல்ல இடம் மாறிவிடும் என்பதை ஆணையிடுவோர் நினைத்துப் பார்ப்பதில்லை.

மின்சாரம் மட்டும் வானத்திலிருந்தா வருகிறது என்றும் கேட்கலாம். தமிழ்நாட்டில் காற்றாலையும் சூரிய ஒளியும் வளர்ந்து வந்தாலும் நிலக்கரிக்கு இன்னும் பெரிய பங்கு உண்டு. எங்களுக்குப் பக்கத்திலேயே நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி எரிகிறது. அப்படியானால் செஞ்சிச் சமையலறைப் புகையை நெய்வேலிக்காரர்கள் தலையில் கட்டுகிறோம் என்றுதான் அர்த்தம். எல்லாரும் ஒரே நேரத்தில் சமைப்பார்கள் என்பதும் ஒரு தொல்லை. 2024 மே 2ஆம் தேதி தமிழ்நாட்டின் மின்தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. 20 லட்சம் வீடுகளில் காலை ஏழு மணிக்கு 1,500 வாட்டில் இட்லிப் பானை ஏறினால், அது மட்டுமே 3,000 மெகாவாட். சூரியனோ அந்நேரம் அப்போதுதான் கண் விழித்திருக்கும்.

மின்சாரம் நின்றுபோனால்? இந்தக் கேள்விக்கு எங்கள் மாவட்டத்துக்குப் பதில் தெரியும். 2024 நவம்பர் 30ஆம் தேதி பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறி நகராமல் நின்றுவிட்டது. மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் மழை. கம்பங்கள் சாய்ந்து ஊர் ஊராக இருட்டு. அந்த நாட்களில் கேஸ் அடுப்பு இருந்த வீடுகளில் கஞ்சியாவது கொதித்தது. இலங்கையில் நடந்ததோ இதன் மறுபக்கம். 2022இல் அந்நாட்டில் அந்நியச் செலாவணி தீர்ந்து, சிலிண்டருக்கு மைல் கணக்கில் வரிசை நின்றது. மின் அடுப்புக்கு மாறலாம் என்றால் மார்ச் மாத முடிவில் நாளுக்கு 13 மணி நேரம் மின்வெட்டு. கொழும்பு மாடி வீடுகளில் இருந்தவர்கள் கூட விறகு தேடி அலைந்தார்கள். ஒரே எரிபொருளை நம்பி இருப்பவர்களின் கதி அது.

இதைப் படித்துவிட்டு நாங்கள் கரண்ட் அடுப்புக்கு விரோதிகள் என்று எண்ணவேண்டாம். அதை விரும்பாத மாணவி எங்கள் வகுப்பில் இல்லை. பரீட்சைக்கு விடியற்காலை எழுந்து பால் காய்ச்ச அதைப் போன்ற சௌகரியம் வேறில்லை. பொங்கி வழிந்தாலும் துணியால் துடைத்துவிட்டால் போதும். தாவணியிலோ துப்பட்டாவிலோ தீப்பிடிக்கும் அபாயம் இல்லை. கேஸ் கசிந்ததோ என்று மூக்கை உறிஞ்சிப் பார்க்கவேண்டியதும் இல்லை. எங்களுக்கு ஐயம் ஆணையைப் பற்றித்தான்.

அம்மியும் ஆட்டுக்கல்லும் போன விதத்தை நினைத்துப் பாருங்கள். 2011 செப்டம்பர் 15ஆம் தேதி தமிழக அரசு விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி வழங்கத் தொடங்கியது. ஆட்டுக்கல்லுக்கு யாரும் தடை போடவில்லை, தேதி குறிக்கவில்லை. ஆனாலும் பத்துப் பதினைந்து ஆண்டுகளில் அது கொல்லைப்புறம் போய், கோழிக்குத் தண்ணீர் வைக்கும் தொட்டியாகிவிட்டது. பாட்டிகள் "சட்னி ருசியே போச்சு" என்று சொல்லிக்கொண்டேதான் மிக்ஸியில் அரைத்தார்கள். பொருளைக் கையில் கொடுத்தார்கள், ஓட்ட மின்சாரமும் மலிவாக இருந்தது, மாறிவிட்டார்கள். அடுப்பும் இதே வழியில் போகலாம். கலிபோர்னியா வாரியம் கூடப் பழசு பழுதாகும்வரை காத்திருக்கத்தானே செய்கிறது!

வீட்டில் கரண்ட் அடுப்பு வாங்கலாமா என்று பேச்சு எழுந்தால் பார்க்கவேண்டியவை இவை. கடைசி மின்கட்டண ரசீதை எடுத்து இரண்டு மாதத்துக்கு எத்தனை யூனிட் என்று பாருங்கள். 300க்குள் இருந்தால் தைரியமாக யோசிக்கலாம். எலக்ட்ரீஷியனை அழைத்து ஒயரையும் எர்த்தையும் காட்டுங்கள். பிறகு ஒரு சிறு காந்தத்தை எடுத்துக்கொண்டு பாத்திர அலமாரிக்குப் போங்கள். எங்கள் வீடுகளில் இதைச் செய்து பார்த்தபோது தோசைக்கல்லிலும் குக்கர் ஒன்றிலும் காந்தம் பளிச்சென்று ஒட்டியது. பாட்டியின் வெண்கலப் பானையில் வழுக்கிக்கொண்டே போயிற்று.